இரத்தம் எட்டும் தூரம்

1794 அக்டோபரில் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' என்ற லண்டன் இதழில் ஒரு கடிதமும் ஒரு படமும் வெளியாயின. படத்தில் இருந்தவர் காவஸ்ஜி. ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். 1792 போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் பறிகொடுத்தவர். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த அவருக்கு, புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்திருந்தார். அதை வைத்த விதத்தைத்தான் கடிதம் விவரித்தது.

முதலில் மெழுகை மெல்லிய தகடாக்கி, அறுபட்ட மூக்கின் மேல் வைத்து நல்ல மூக்காக உருப்படுத்துகிறார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் பதித்து, சுற்றிலும் கோடு இழுக்கிறார். கோட்டுக்குள் இருக்கும் தோலை உரித்து எடுக்கிறார். ஆனால் இரு புருவங்களுக்கும் நடுவே ஒரு சிறு காம்பை மட்டும் அறுக்காமல் விடுகிறார். அந்தக் காம்பிலேயே தோலைத் திருப்பிக் கீழிறக்கி மூக்கின் இடத்தில் பொருத்துகிறார். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி மேலே அடுக்கடுக்காகப் போடுகிறார். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு, நெய்யில் தோய்த்த துணி. காம்பை அறுப்பது ஏறக்குறைய 25-ஆம் நாளில்தான்.

உரித்த தோல் உயிரோடு இருக்க அதற்கு இரத்தம் வர வேண்டும். புது இடத்து இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து சேரும்வரை பழைய வழியை மூடக் கூடாது. இதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். நுண்ணோக்கியைக் கண்ணால் பார்த்திராத ஒரு கைவினைஞர் இதை அறிந்திருந்தார். சுசுருத சம்ஹிதையில் கன்னத் தோலால் மூக்கு அமைக்கும் முறை உண்டு. புனேயில் நடந்தது நெற்றித் தோலால். இந்த அறிவைப் பல நூற்றாண்டுகள் கைவழியாகச் சுமந்து வந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அந்தக் கடிதமும் காவஸ்ஜியின் பெயரைச் சொன்னது. மூக்கு வைத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இம்முறையைப் பிணங்களின் மேல் பழகி, 1814-இல் ஒரு படை அதிகாரிக்குச் செய்தார். 1816-இல் அவர் வெளியிட்ட நூலோடு அது ஐரோப்பாவெங்கும் பரவியது.

சிதைந்த உறுப்பை மீண்டும் வளரச் செய்வது, அழிந்த திசுவுக்குப் பதில் புதுத் திசுவை வளர்த்து வைப்பது: இவற்றை இன்று மீளுருவாக்க மருத்துவம் என்கிறோம். ஸ்டெம் செல், முப்பரிமாண அச்சு, மரபணுத் திருத்தம் என்று வாரந்தோறும் ஒரு செய்தி வருகிறது. இருநூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், இந்தத் துறையில் எது வென்றது, எது தோற்றது என்பதற்கு மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. இரத்தம் எட்டிய இடத்தில் வென்றோம். எட்டாத இடத்தில் தோற்றோம். இரத்தம் எட்டும்வரை காத்திருக்க மனமில்லாமல் அவசரப்பட்ட இடத்தில் மனிதர்கள் இறந்தார்கள். மனித உடலில் பெரும்பாலான செல்கள் ஒரு நுண்ணிரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள்தான் வாழ முடியும். ஆய்வகத் தட்டில் செல்லைப் பெருக்குவது எளிதாகிவிட்டது. அதைத் தடித்த உறுப்பாக்கி உடலுக்குள் உயிரோடு வைத்திருப்பது இன்னும் எளிதாகவில்லை.

முதல் பெரிய வெற்றி தோலில் கிடைத்ததற்கும் இதுவே காரணம். தோலின் மேலடுக்கில் இரத்தக் குழாய் கிடையாது. கீழிருந்து ஊறி வருவதில் அது வாழ்கிறது. 1869-இல் பாரிஸில் ஜாக் ரெவர்டின் என்ற இளம் மருத்துவர் கிள்ளி எடுத்த சிறு தோல் துணுக்குகளைப் புண்ணின் மேல் வைத்தார். காம்பே இல்லாமல் அவை பிடித்தன. மெல்லியதாக எடுத்தால் காம்பு தேவையில்லை என்று தெரிந்தது. பிறர் தோலை வைத்தால் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்விக்கு விடை வர இரண்டாம் உலகப்போர் வரை ஆனது. கிளாஸ்கோ மருத்துவமனையில் தீக்காயப்பட்ட பெண் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் தோலை வைத்தார்கள், அது கழன்றது. இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் விரைவாகக் கழன்றது. உடல் அந்நியத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதை இதிலிருந்து பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் 1943-இல் எடுத்துக்காட்டினார்கள். மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே சொந்தத் தோல் வேண்டும். உடலே எரிந்துபோனவரிடம் சொந்தத் தோலுக்கு எங்கே போவது? 1975-இல் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும் வழி கண்டார்கள். எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலிச் செல்களின் மேல் தோல் செல்கள் செழித்து வளர்வதைக் கவனித்தார்கள். மனிதத் தோலுக்கும் அது பொருந்தியது. 3 சதுர சென்டிமீட்டர் தோலை மூன்று நான்கு வாரங்களில் ஒரு மனித உடலையே போர்த்தும் அளவுக்கு வளர்க்க முடிந்தது. 1983-இல் வயோமிங் மாநிலத்தில் இரண்டு சிறுவர்கள் உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் எரிந்து பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த அளவு எரிந்தவர்கள் அன்று பிழைப்பதில்லை. அவர்களுடைய உடலில் எஞ்சியிருந்த சிறு தோலிலிருந்து வளர்த்த விரிப்புகளால் பாதி உடலுக்கு மேல் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

அந்தத் தோலில் வியர்வைச் சுரப்பி இல்லை. முடி இல்லை. இழுபடும் வலுவும் குறைவு. காரணம், மேலடுக்கு மட்டுமே வந்தது; அடித்தோல் வரவில்லை. அடித்தோலின் நார்ப்பொருள் கொலாஜன். அதன் வடிவத்தை அறிந்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1954, 1955 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய புரி என்று எடுத்துக்காட்டினார்கள். கங்காருவின் வால் தசைநாரை ஊடுகதிரில் படமெடுத்துக் கிடைத்த சான்று அது. புண் ஆற்றுவது அவர்களுடைய நோக்கமல்ல. ஒரு புரதத்தின் வடிவம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொலாஜனை ஒரு பொருளாகக் கையாளும் அறிவியலுக்கு அது அடித்தளங்களுள் ஒன்று. அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனிலிருந்து காயக்கட்டுகள் உருவாக்கும் ஆய்வைப் பல்லாண்டுகள் செய்திருக்கிறது. பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் அயானிஸ் யானஸ் என்ற பொறியியலாளரும் மாட்டின் தசைநார்க் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பின் சர்க்கரைப் பொருளையும் சேர்த்துத் துளைகள் நிறைந்த ஒரு விரிப்பைச் செய்து, மேலே சிலிகோன் படலம் ஒட்டினார்கள். எரிந்த இடத்தில் அதை வைத்தால், துளைகளுக்குள் நோயாளியின் இரத்தக் குழாய்கள் நுழைந்து வளர்கின்றன. மூன்று வாரம் கழித்து சிலிகோனை உரித்துவிட்டு மேலே மெல்லிய தோல் வைப்பார்கள். 1981-இல் முதல் முடிவுகள் வந்தன. 1996-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இங்கும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புனேயில் காம்பு அறுக்க எடுத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். இரத்தக் குழாய் வளரும் வேகத்தை இந்த இரண்டு நூற்றாண்டுகளில் யாரும் பெரிதாக மாற்றிவிடவில்லை.

இந்தப் பாடத்தை ஒரு பெரிய நிறுவனமே மறந்த கதை ஸ்டாக்ஹோமில் நடந்தது. 2011 ஜூனில் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பவுலோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக்கால் செய்த மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை ஊற்றிப் பொருத்தினார். உலகின் முதல் செயற்கை உறுப்பு மாற்று என்று பத்திரிகைகள் கொண்டாடின. 'லான்செட்' இதழ் கட்டுரையை வெளியிட்டது. மூச்சுக்குழாய் பார்ப்பதற்கு வெறும் குழாய். உண்மையில் அது அண்டையிலுள்ள நுண்ணிய குழாய்களிடமிருந்து இரத்தம் வாங்கி வாழும் திசு. காற்றும் கிருமியும் ஓயாமல் உரசும் இடம் வேறு. அங்கே வைத்த பிளாஸ்டிக்குக்கு இரத்தம் எங்கிருந்து வரும்? மேலே ஊற்றிய செல்கள் எதைத் தின்று வாழும்? விலங்குகளில் முறையாகச் சோதித்திருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும். கரோலின்ஸ்காவில் அந்தச் சிகிச்சை பெற்ற மூவரும் இறந்தார்கள்.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவேடுகளைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2014-இல் புகார் கொடுத்தார்கள். எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போகவில்லை. முதலில் நிறுவனம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 2016-இல் சுவீடன் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்துக்குப் பிறகே நிலைமை மாறியது. 2018-இல் 'லான்செட்' கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இத்துறையின் வரலாற்றில் அந்த நான்கு மருத்துவர்களையும் ஹோவர்டு கிரீனுக்கு நிகராக வைக்க வேண்டும் என்பேன். செல்லை வளர்ப்பவர் எவ்வளவு தேவையோ, வளரவில்லை என்று சொல்பவரும் அவ்வளவு தேவை.

வளராததை வளர்ந்ததாகச் சொன்ன கதை இதயத்திலும் நடந்தது. எலும்பு மஜ்ஜைச் செல்கள் மாரடைப்பால் அழிந்த இதயத் தசையைப் புதுப்பிக்கின்றன என்று 2001-இல் பியரோ அன்வெர்சாவின் குழு எலிகளில் காட்டியதாக அறிவித்தது. 2004-இலேயே வேறு ஆய்வகங்கள் அதே சோதனையைச் செய்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதின. ஆனாலும் நோயாளிகளிடம் சோதனைகள் தொடர்ந்தன. பணமும் ஆண்டுகளும் கரைந்தன. 2018-இல் ஹார்வர்டு, அந்தக் குழுவின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு இதழ்களைக் கேட்டது. இதற்கிடையே கரோலின்ஸ்காவிலேயே யோனாஸ் ஃப்ரீசெனின் குழு, பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் சேர்த்த கார்பன்-14 ஐக் கொண்டு இதயச் செல்களின் வயதை அளந்தது. 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு செல்களே புதிதாகின்றன, முதுமையில் அதில் பாதிக்கும் குறைவு என்று 2009-இல் அறிவித்தது. தலைப்புச் செய்தி ஆகக்கூடிய கண்டுபிடிப்பல்ல. ஆனால் இதயத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை நேர்மையாகச் சொன்னது இதுதான்.

இரத்தத்தின் வழியறிந்து செய்த வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு நீரிழிவில் இருக்கிறது. முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. 2000-இல் கனடாவின் எட்மன்டனில், இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த இன்சுலின் செல் திட்டுகளை ஏழு பேருக்குக் கல்லீரலுக்குச் செல்லும் பெருநாளத்தில் செலுத்தினார்கள். மிகச் சிறிய அத்திட்டுகள் கல்லீரலின் குழாய்களில் தங்கி, அங்கேயே இரத்தம் பெற்று வேலை செய்தன. ஏழு பேரும் ஊசியை விட்டார்கள். ஆனால் கொடைக் கணையம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஹார்வர்டின் டக்ளஸ் மெல்ட்டன், தன் குழந்தைக்கு இந்நோய் வந்ததால் தவளைக் கருக்களின் ஆய்வை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். 2014-இல் அவருடைய ஆய்வகம் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் செல்களைப் பெருமளவில் ஆக்கும் முறையை வெளியிட்டது. 2025-இல் வெர்டெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சோதனையில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தார்கள். எட்மன்டனில் செலுத்திய அதே நாளம், அதே கல்லீரல். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து உண்ண வேண்டும்; மெடவார் கண்ட சிக்கல் இன்னும் தீரவில்லை.

இனி கண்ணுக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது; நம் நாட்டுக்கு உண்மையான பெருமை சேர்த்ததும் இதுவே.

கருவிழிக்கு இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் ஒளி புகாது. கண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் உள்நீரிலிருந்தும் அது வாழ்கிறது. அதன் மேற்படலம் இடைவிடாமல் உதிர்ந்து புதிதாகிறது. புதிய செல்கள் வருவது, கருவிழியும் வெண்விழியும் சேரும் வளைய விளிம்பிலிருந்து. வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, கருவிழிக்கு அந்த விளிம்பு அப்படி. அமிலமோ சுண்ணாம்போ பட்டு விளிம்பு அழிந்தால், வெண்விழிப் படலம் இரத்தக் குழாய்களோடு கருவிழி மேல் ஏறிப் பார்வையை மூடும். கொடை பெற்ற கருவிழியை வைத்தாலும் விளிம்பு இல்லாமல் அது நிலைக்காது. 1997-இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும், நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து விளிம்புத் துணுக்கை எடுத்து, கிரீனின் முறையில் வளர்த்து, கெட்ட கண்ணில் வைத்தார்கள். 2010-இல் அவர்கள் 112 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெற்றி. 2015-இல் ஐரோப்பா அனுமதித்த முதல் ஸ்டெம் செல் மருந்து இதுதான். ஆனால் அதற்கு உயர்தர ஆய்வகம் வேண்டும்; செலவு பெரிது.

ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வானின் குழுவும் ஆய்வகத்தில் செல் வளர்த்து நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்தது. பிறகு அக்குழு ஒரு கேள்வி கேட்டது. ஆய்வகத் தட்டு எதற்கு? கண்ணே வளர்க்காதா? நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் சதுரத் துணுக்கை எடுத்து, எட்டுப் பத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, கெட்ட கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் இடம் விட்டு நட்டு, ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். இரண்டு மூன்று வாரங்களில் செல்கள் பரவி ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரே அறுவை, ஒரே நாள், ஆய்வகம் தேவையில்லை. 2012-இல் முதல் கட்டுரை வந்தது. 2016-இல் 125 கண்களின் முடிவு வந்தது. வெற்றி 76 விழுக்காடு. ஐரோப்பிய மருந்தின் வெற்றிக்கு ஏறக்குறைய சமம். இன்று பல நாடுகளில் இம்முறையைச் செய்கிறார்கள். மீளுருவாக்க மருத்துவம் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய இந்தியச் சாதனை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதனோடு வேலூரையும் சொல்ல வேண்டும். 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றைத் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவரின் இரத்த ஸ்டெம் செல்களில் குறைபட்ட மரபணுவுக்கு மாற்று வைத்து, இரத்தக் கசிவை நிறுத்தியதை 2024 இறுதியில் வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட பொறுமையான வேலை ஒருபுறம் நடக்க, மறுபுறம் நம் நகரங்களில் ஸ்டெம் செல் என்ற பெயரில் விற்பனை நடக்கிறது. முழங்கால் தேய்மானம், முதுகுத்தண்டுக் காயம், ஆட்டிசம், மூளை வாதம் என எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றைத் தவிர வேறெதையும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. மற்றவை ஆய்வுச் சோதனையாக மட்டுமே நடக்கலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல, ஆய்வு என்றால் பணம் கேட்க முடியாது. நகையை அடகு வைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு இந்த ஒரு வரியாவது போய்ச் சேர வேண்டும். ஊசியில் போகும் செல்கள் முதுகுத்தண்டில் எங்கே தங்கும், எதிலிருந்து வாழும், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இருக்காது.

தொப்புள்கொடி இரத்த வங்கியும் அப்படியே. பிள்ளையின் இரத்தத்தைச் சேமித்துவைத்தால் நாளை எந்த நோய்க்கும் உதவும் என்று கர்ப்பிணியிடம் பல்லாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். குழந்தைக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற இரத்த நோய் இருந்தால், தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே குறைபாடு இருக்கும். அதை அக்குழந்தைக்கே திருப்பிச் செலுத்திப் பயனில்லை. எதிர்காலச் சொந்தப் பயனுக்காகத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லிவிட்டது. பொது வங்கியில் சேர்வது வேறு. அது யாரோ ஒருவருக்கு உயிர் கொடுக்கும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது தோல் வங்கி, காயத்தைச் சுத்தமாக வைக்கும் படுக்கை, நேரத்தில் செய்யும் தோல் ஒட்டு. இவை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை எட்டவேண்டும். எட்டாதவரை, ஆய்வகத்தில் வளர்த்த தோல் பெருநகரத்துச் சிலருக்கான அதிசயமாகவே நிற்கும்.

கண்ணில் இன்னொரு வேதனை இருக்கிறது. ஐதராபாத் முறைக்கு ஒரு நல்ல கண்ணாவது வேண்டும். இரு கண்களின் விளிம்பும் அழிந்தவருக்கு எடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. 2019 முதல் ஒசாகாவில் கோஜி நிஷிடாவின் குழு, யமனகா என்ற ஆய்வாளர் 2006-இல் கண்ட வழியில் வேறொருவரின் செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து கருவிழிப் படலம் வளர்த்து நான்கு பேருக்கு வைத்திருக்கிறது. இரண்டாண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2024-இல் வந்தன. கடுமையான தீங்கு எதுவும் காணப்படவில்லை, பார்வையும் மேம்பட்டது. நான்கு பேர் என்பது தொடக்கம் மட்டுமே.

நம் ஊர்க் குழந்தைகளின் கண்ணில் சுண்ணாம்பு படுவது பெரும்பாலும் வெற்றிலை, புகையிலையோடு விற்கும் சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தாலும் பிதுக்குக் குழலாலும்தான். குழந்தை விளையாட்டாக அழுத்தும். வெடித்து நேரே கண்ணில் பாயும். காரப்பொருள் ஆதலால் அமிலத்தைவிட ஆழமாக அரித்துச் செல்லும். பட்ட நொடியே, வேறெதையும் தேடாமல், இமையைப் பிரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரால் அரை மணி நேரம் கழுவி, உட்புறம் ஒட்டியிருக்கும் துணுக்குகளை அகற்ற உடனே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு விளிம்பு தப்புகிறது என்பதைப் பொறுத்தே பிறகு எந்த மருத்துவரும் எதையும் செய்ய முடியும். கடையில் தொங்கும் அந்தப் பொட்டலத்தை அழுத்தினால் வெடிக்காத மூடியுள்ள டப்பாவாக மாற்ற அரசாணை ஒன்று போதும்.